மழை நாள் குறிக்கும், மலை இடம் குறிக்கும்

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் இரண்டு குடும்பமாகச் சேர்ந்து ஒரு டெம்போ டிராவலரில் பத்ரிநாத் போனோம். ஜோஷிமட் தாண்டியதும் லேசான தூறல். குழந்தைகளுக்குப் பசி. பாண்டுகேஷ்வருக்கு அப்பால் சாலையோரம் நல்ல விசாலமான இடம் ஒன்று தென்பட்டது. மலையிலிருந்து ஒரு சிற்றோடை இறங்கி வந்து விசிறிபோல் பரவும் இடம். உட்காருவதற்கென்றே போட்டு வைத்த மாதிரி பெரிய பெரிய கற்கள். "இங்கே நிறுத்துங்கள் பாயி ஸாப், புளியோதரையை முடித்துவிட்டுப் போகலாம்" என்றேன்.

டிரைவர் கர்வால்காரர், ஐம்பது வயதிருக்கும். வண்டியின் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. "யஹாங் நஹீங், ஸாப்" என்றார். இன்னும் அரை கிலோமீட்டர் போய், வண்டி ஒன்று மட்டும் ஒண்டி நிற்கக்கூடிய ஒரு பாறை முதுகின்மேல் நிறுத்தினார். எங்களுக்கெல்லாம் எரிச்சல். என் மனைவி மட்டும் விடாமல் காரணம் கேட்டாள். அவர் திருப்பிக் கேட்டார்: "அந்தக் கல்லையெல்லாம் அங்கே யார் கொண்டு வந்து போட்டார்கள் பஹன்ஜி?"

பத்ரிநாதனைத் தரிசித்து டில்லி திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேடிப் படிக்கத் தொடங்கியபோது, அந்தப் படிப்பு என்னை இமயத்தில் நிற்க விடாமல் உலகத்தின் வடகோடிக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டது. சுவீடனின் வட எல்லையிலும் ஐஸ்லாந்திலும் உள்ள மலைகளில் விஞ்ஞானிகள் இதே கேள்வியைக் கேட்டு, அளந்து, விடை கண்டிருக்கிறார்கள். அதை வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வெள்ளமும் அல்ல, வெறும் சரிவும் அல்ல

அந்தக் கற்களைக் கொண்டு வந்தது சாதாரண ஓடை வெள்ளமல்ல. பூகோள நூல்கள் அதை 'டெப்ரி ஃப்ளோ' என்கின்றன. நம் பத்திரிகைகள் எல்லாவற்றையும் 'நிலச்சரிவு' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால், தமிழில் இதற்கென்று நிலைத்த பெயர் இல்லை. இங்கே 'கல்சேற்று ஓட்டம்' என்று வைத்துக்கொள்வோம்.

ஆற்று வெள்ளத்தை ரசம் என்று எடுத்துக்கொண்டால், கல்சேற்று ஓட்டத்தை அடை மாவு எனலாம். தண்ணீரைவிட அதில் மண்ணும் கல்லும்தான் அதிகம். கட்டிட வேலை நடக்கும் இடத்தில் கலவை இயந்திரத்திலிருந்து கான்கிரீட் வழிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ அந்தப் பதம்தான். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். இந்தக் கலவையோ சுமார் இரண்டு டன் இருக்கும்.

எடை கூடுவதில் ஒரு விபரீதம் உண்டு. பாறை தண்ணீரில் மூழ்கும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்கிறது. இந்தக் கனமான சேற்றில் அதே பாறை முக்கால் பங்கை இழந்துவிடுகிறது. ஆகவே, நான்கு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கல், சேற்றின் முதுகில் ஏறி மிதப்பது போலப் போகிறது. மிக்சர் டப்பாவைக் குலுக்கினால் பெரிய துண்டுகள் மேலே வருவதைப் போல, ஓடும்போது பெரிய கற்கள் மேலேறி முன்னணிக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் இந்த ஓட்டத்தின் முகப்பில் எப்போதும் பாறைகள் இருக்கின்றன. அதன் வேகம் நொடிக்கு 5, 10 மீட்டர் என்பது சகஜம். நல்ல ஓட்டக்காரராலும் அதன் எதிரில் ஓடித் தப்ப முடியாது.

ஏன் வடகோடி மலைகள்?

இமயமலையை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போவானேன் என்று கேட்கலாம். ஆர்க்டிக்கை ஒட்டிய அந்த மலைகளில் மரம் குறைவு, மனிதர் அதைவிடக் குறைவு. சாலை வெட்டியதாலா, காடு அழித்ததாலா என்ற குழப்பம் அதிகமில்லாமல், மலையும் தண்ணீரும் மட்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதை அங்கே நேராகப் பார்க்க முடிகிறது.

அந்த மலைகளின் வடிவத்தைச் செய்தது பனிக்கட்டி. கடைசிப் பனியுகத்தில் அங்கெல்லாம் பிரம்மாண்டமான பனிப்பாளங்கள் மூடியிருந்தன. அவை மெல்ல நகர்ந்து பள்ளத்தாக்குகளைத் தோண்டின. ஆறு வெட்டிய பள்ளத்தாக்கு 'வி' எழுத்துப் போல் இருக்கும். பனி வெட்டியது 'யு' எழுத்துப் போல், அடி அகன்று, இரு பக்கமும் சுவர் வைத்தாற்போல் நிற்கும். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கியபோது, அரைத்த மண்ணையும் கல்லையும் சரிவுகளிலும் திண்டுகளிலும் அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டது. வீட்டைக் காலி செய்தவர் சாமான்களை மட்டும் விட்டுச் சென்ற மாதிரி! போதாததற்கு, ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாறை வெடிப்புகளில் நீர் உறைந்து, உப்பி, பாறையைப் பிளந்து புதுக் கற்களை உதிர்க்கிறது.

ஆக, செங்குத்துச் சுவர், அதன்மேல் நிலைகொள்ளாத சரக்கு இரண்டும் தயார். தண்ணீர் ஒன்றுதான் பாக்கி.

கற்பள்ளத்தாக்கில் எட்டு ஆண்டுகள்

சுவீடனின் கிருனா நகரிலிருந்து நார்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத் தாது ஏற்றிச் செல்லும் ரயில் பாதை ஒன்று உண்டு. 1903-ல் திறக்கப்பட்டது. அந்தப் பாதைக்குத் தெற்கே சில கிலோமீட்டர் நடந்தால் கெர்கெவாகே என்ற பள்ளத்தாக்கு வரும். அங்கே பரம்பரையாகக் கலைமான் மேய்ப்பவர்களுக்கு 'சாமி' என்று பெயர். நம் ஊர்ச் சாமி அல்ல, அது ஓர் இனத்தின் பெயர். அவர்கள் மொழியில் கெர்கெவாகே என்றால் கற்களின் பள்ளத்தாக்கு. பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். வீடு அளவுப் பாறைகள் பள்ளத்தாக்கின் தரையெங்கும் கிடக்கின்றன.

உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ராப் என்ற இளைஞர் 1952 முதல் 1960 வரை அந்தப் பள்ளத்தாக்கை அளந்தார். மலை எப்படித் தேய்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகாமல், ஆண்டுக்கு எவ்வளவு தேய்கிறது, எந்த வழியில் தேய்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். கற்சரிவுகளின் குறுக்கே சாயத்தால் கோடு போட்டு, அடுத்த ஆண்டு எந்தக் கல் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தார். வசந்த காலத்தில் வெள்ளைப் பனியின்மேல் விழுந்து கிடக்கும் கற்களைக் கணக்கெடுத்தார். ஓடை நீரில் கரைந்திருந்த உப்பையும் விடவில்லை.

அவர் கண்ட முடிவு 1960-ல் வெளிவந்தபோது பூகோள உலகமே வியந்தது. பனிப் பிரதேசத்து மலையைத் தேய்ப்பதில் முதலிடம் உருளும் பாறைக்கும் இல்லை, சரியும் பனிக்கும் இல்லை. கண்ணுக்கே தெரியாமல் நீரில் கரைந்து போகும் உப்புகளுக்கு! இரண்டாமிடம் மண்சரிவுக்கும் சேற்று ஓட்டத்துக்கும். மண் சுமந்து வரும் பனிச்சரிவும் பாறை வீழ்ச்சியும் அதற்கு அடுத்தபடியாகத்தான்.

இதில் நமக்கு முக்கியம் அந்த இரண்டாமிடம் கிடைத்த விதம். எட்டு ஆண்டுகளும் சிறுகச் சிறுகச் சேர்ந்ததல்ல அது. 1958 அக்டோபர் 5, 6 தேதிகளில் பக்கத்தில் உள்ள ரிக்ஸ்கிரான்சன் என்ற ஊரில் 24 மணி நேரத்தில் 107 மி.மீ. மழை பெய்தது. நம் மும்பைவாசிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அந்த ஊருக்கு அது பேய் மழை. அந்த ஒரே மழையில் கெர்கெவாகேயின் சரிவுகள் பல இடங்களில் பிளந்து ஓடின. ராப் கணக்கிட்ட சேற்று ஓட்டத்தில் பெரும்பங்கு அந்த ஒரு நாளைச் சேர்ந்ததுதான். எட்டு ஆண்டு ஆராய்ச்சியில் ஆறு ஆண்டோடு நிறுத்தியிருந்தால், அல்லது அந்த மழை பெய்யாமலே போயிருந்தால், 'இங்கே சேற்று ஓட்டம் ஒரு பொருட்டே அல்ல' என்று அவர் எழுதியிருக்கக்கூடும்.

"இருபது வருஷமாக இங்கே இருக்கிறேன், ஒன்றும் நடந்ததில்லை" என்று மலையடிவாரத்தில் இருப்பவர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அந்தச் சாட்சியத்தின் மதிப்பு இவ்வளவுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே மழை அந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் பெய்தது. ஓடியதோ சில இடங்களில் மட்டும். அந்த இடங்களைத் தேர்ந்தெடுத்தது எது?

சாய்வின் கணக்கு

முதலாவது சாய்வு. கல்சேற்று ஓட்டம் பெரும்பாலும் 25 முதல் 40 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் பிறக்கிறது. அதைவிடச் செங்குத்தானால் மண் தங்குவதே இல்லை, வெறும் பாறைதான் மிஞ்சும். அதைவிடச் சாய்வு குறைந்தால் மண் நனையுமே தவிர எளிதில் கிளம்பாது. கிளம்பிய ஓட்டம் சரிவில் போகப் போக, வழியிலுள்ள மண்ணையும் சேர்த்துக்கொண்டு கொழுக்கிறது. சாய்வு 10 பாகைக்குக் கீழே குறையும் இடத்தில் களைத்து, தண்ணீரை வடியவிட்டு, சுமந்து வந்ததைப் போட்டுவிடுகிறது. மறுமுறை வரும்போது முந்தியதற்குப் பக்கத்தில் போடுகிறது. இப்படிப் போட்டுப் போட்டு, ஓடையின் வாயில் விசிறி வடிவத்தில் ஒரு மேடு உருவாகிறது.

இரண்டாவது, தண்ணீர் சேரும் வழி. சரிவு முழுவதும் ஒரே சமமாக இருந்தால் மழைநீர் பரவி ஓடிவிடும். பனி குடைந்த கிண்ணம் போன்ற பள்ளங்களும், பாறைச் சுவரில் உள்ள பிளவுகளும் புனல் வைத்தது போல நீரை ஒரே இடத்தில் சேர்த்து விடுகின்றன. அந்தப் பிளவின் வாய்க்கு நேர் கீழே கற்குவியல் இருந்தால், தீயணைப்புக் குழாயைப் பிடித்து அடிப்பது போல நீர் அதைத் தாக்கிக் கிளப்பிவிடுகிறது. 'தீயணைப்புக் குழாய் விளைவு' என்றே விஞ்ஞானிகள் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, ஓடையின் அளவு. பெரிய ஆறுதான் ஆபத்து, சின்ன ஓடை சாது என்று நாம் நினைக்கிறோம். கல்சேற்று விஷயத்தில் இது தலைகீழ். ஓர் ஓடையின் உச்சிக்கும் வாய்க்கும் உள்ள உயர வித்தியாசத்தை, அதன் நீர்ப்பிடிப்புப் பரப்பின் வர்க்கமூலத்தால் வகுக்கிறார்கள். உயரம் 700 மீட்டர், பரப்பு ஒரு சதுர கி.மீ. என்றால் விடை 0.7. அதே 700 மீட்டர் உயரமும் 100 சதுர கி.மீ. பரப்பும் உள்ள ஆற்றுக்கு விடை 0.07. கனடாவின் மேற்கு மலைகளில் ஆராய்ந்தவர்கள், 0.6-க்கு மேல் போகும் குறுகிய ஓடைகள்தான் பெரும்பாலும் கல்சேற்றைக் கொண்டு வருகின்றன என்று கண்டார்கள். பரந்த படுகையுள்ள ஆறு வெள்ளத்தைக் கொண்டு வரும். கோடையில் குழந்தை தாண்டிக் குதிக்கும் ஓடைதான் பாறையைக் கொண்டு வரும்.

மலைமேல் ஒரு பரண்

நம் பழைய வீடுகளில் பரண் உண்டு. வேண்டாத பாத்திரம், உடைந்த நாற்காலி, பழைய டிரங்குப் பெட்டி எல்லாம் அதன்மேல்தான். வடமேற்கு ஐஸ்லாந்தில் ஈசாஃபியோர்துர் என்ற துறைமுக ஊருக்கு மேலே மலையே அப்படி ஒரு பரண் கட்டி வைத்திருக்கிறது.

ஐஸ்லாந்து மலைகள் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உண்டானவை. சில அடுக்கு கெட்டி, சில அடுக்கு மெத்து. மெத்தானது முதலில் தேய்வதால் இடையிடையே திண்டுகள் உண்டாகின்றன. ஈசாஃபியோர்துருக்கு மேலே உள்ள பெரிய திண்டுக்கு க்ளெய்தார்ஹ்யாட்லி என்று பெயர். பனியாறு விட்டுச்சென்ற மண்ணும், மேலிருந்து உதிர்ந்த கல்லும் அந்தத் திண்டில் குவிந்து கிடக்கின்றன. திண்டின் விளிம்பில் பாறைப் பிளவுகள். அவற்றுக்கு நேர் கீழே ஊர்.

1999 ஜூன் மாதம் அங்கே கல்சேற்று ஓட்டங்கள் இறங்கின. அன்று காரணம் மழையல்ல, குளிர்காலப் பனி திடீர் வெப்பத்தில் வேகமாக உருகியதுதான். ஜூனில் அங்கே இரவு இருட்டுவதே இல்லை. திண்டின்மேல் கிடந்த பனி உருகி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. மழை இல்லாத நாளிலும் ஓட்டம் வரும் என்பது இந்த மலைகள் கற்பிக்கும் பாடம்.

சில பரண்களை உறைபனி இறுக்கிப் பிடித்திருக்கிறது. வட ஐஸ்லாந்தில் மோவாஃபெட்ல்ஷிர்னா என்ற மலையில் 2012 செப்டம்பர் 20 அன்று ஒரு சரிவு ஏற்பட்டது. கீழே வந்து விழுந்த குவியலில், பனிக்கட்டியே சிமெண்டாகிக் கற்களைச் சேர்த்துப் பிடித்த பெரும் பாளங்கள் கிடந்தன. ஆண்டு முழுவதும் உறைந்திருந்த மண் இளகத் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பரணைத் தாங்கும் ஆணியே கழன்று வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லா ஓடையும் ஒரே மாதிரி அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வெறும் பாறையில் ஓடும் ஓடை ஒருமுறை தன் சரக்கைக் கொட்டிவிட்டால், மறுபடி கல் உதிர்ந்து நிரம்பப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை எவ்வளவு மழை பெய்தாலும் வெறும் தண்ணீர்தான் வரும். மேலே தடித்த பரண் உள்ள ஓடைக்கு அந்த ஓய்வு கிடையாது. சரக்கு எப்போதும் கையிருப்பில் இருக்கிறது. தண்ணீர் வந்தால் போதும்.

டிசம்பரில் ஐந்து நாள்

கிழக்கு ஐஸ்லாந்தில் ஒரு நீண்ட கடல் கழியின் முனையில் செய்திஸ்ஃபியோர்துர் என்று ஓர் ஊர். சுமார் 700 பேர் வசிக்கிறார்கள். பழைய மர வீடுகள். கழியின் இரு பக்கமும் 1,000 மீட்டர் உயர மலைகள். டென்மார்க்கிலிருந்து வரும் பயணிகள் கப்பல் இங்கேதான் கரை சேர்கிறது. ஊரின் தென்புறத்தில் மலைக்கும் வீடுகளுக்கும் நடுவே ஒரு மேட்டு விளிம்பு. அங்கேயும் பரண் கதைதான். தடித்த இளகிய மண், விளிம்பிலிருந்து ஊரை நோக்கிச் செங்குத்தான இறக்கம்.

2020 டிசம்பர் நடுவில் ஐந்து நாட்களில் அங்கே சுமார் 570 மி.மீ. மழை கொட்டியது. ஐஸ்லாந்தில் ஐந்து நாளில் அதுவரை அவ்வளவு பதிவானதில்லை. டில்லியில் ஓராண்டு முழுவதும் பெய்வதில் ஏறக்குறைய முக்கால் பங்கு அது. அதுவும் பனியாக விழவேண்டிய மாதத்தில் மழையாக. பனியாக விழுந்திருந்தால் மலைமேல் தங்கியிருக்கும். மழையாக விழுந்ததால் மண்ணுக்குள் இறங்கியது.

15-ஆம் தேதி சிறு சரிவுகள் தொடங்கின. சில தெருக்களைக் காலி செய்யச் சொன்னார்கள். 18-ஆம் தேதி அதிகாலையில் ஒரு சரிவு ஒரு வீட்டை அஸ்திவாரத்திலிருந்து பெயர்த்து நகர்த்தியது. அன்று பிற்பகல் மூன்று மணி வாக்கில் மேட்டு விளிம்பின் ஒரு பெரிய பகுதி அப்படியே கழன்று, சில நொடிகளில் ஊருக்குள் புகுந்து கடல்வரை போயிற்று. பத்துக்கு மேற்பட்ட கட்டிடங்கள் நாசமாயின. பழைய தொழிற்கருவிகளைக் காத்துவந்த அருங்காட்சியகமும் தப்பவில்லை. அன்று மாலையே ஊர் முழுவதையும் காலி செய்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரமே இருந்தது.

ஓர் உயிர்கூடப் போகவில்லை. இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. சிலர் மயிரிழையில்தான் தப்பினார்கள். ஆனால் அதிர்ஷ்டம் மட்டுமே அல்ல.

1995-ல் ஐஸ்லாந்தில் இரண்டு சிற்றூர்களில் பனிச்சரிவு வீடுகளின்மேல் விழுந்தது. ஜனவரியில் சூதாவிக்கில் 14 பேர், அக்டோபரில் ஃப்ளாதேரியில் 20 பேர் இறந்தார்கள். அந்தச் சிறிய நாடு அதிர்ந்துபோயிற்று. 1997-ல் புதுச் சட்டம் வந்தது. மலையடியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் வானிலை இலாகாவே அபாய வரைபடம் தயாரித்தது. மலை எங்கே எப்படிச் சாய்கிறது, பழைய சரிவுகள் எதுவரை வந்தன என்று பார்த்து, ஒவ்வொரு வீட்டில் குடியிருப்பவருக்கும் உயிராபத்து எவ்வளவு என்று கணக்கிட்டு மூன்று மண்டலமாகப் பிரித்தார்கள். ஆண்டுக்குப் பத்தாயிரத்தில் மூன்றுக்கு மேல் ஆபத்து இருந்தால் அது கடைசி மண்டலம். தடுப்பு மேடு கட்டுவதற்கும் ஆபத்தான வீடுகளை அரசே வாங்குவதற்கும் ஒரு நிதி. அந்த நிதிக்கு நாட்டிலுள்ள எல்லாக் கட்டிடங்களின் காப்பீட்டிலிருந்தும் ஒரு சிறு வரி. மலையே இல்லாத இடத்தில் இருப்பவரும் கொடுக்கிறார்.

2020-க்குப் பிறகு அந்த மேட்டு விளிம்பில் கண்ணாடிகளைப் பதித்து, எதிர்ப்புறத்திலிருந்து ஒரு கருவி அவற்றின் இருப்பிடத்தை மறுபடி மறுபடி அளக்கிறது. ஆழ்துளைகளில் நிலத்தடி நீரின் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். மண் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலும் தெரிந்துவிடும்.

கல்பாசி சொல்லும் வயது

பழைய சரிவுகள் எப்போது வந்தன என்று எப்படித் தெரியும்? ஆட்கள் குறைவான அந்த மலைகளில் எழுதி வைத்தவர் யார்? இங்கே நம் சமையலறைப் பொருள் ஒன்றின் உறவுக்காரர் உதவிக்கு வருகிறார். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி, பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் ஓர் உயிர். அந்த வகையைச் சேர்ந்த மஞ்சள்-பச்சை நிறப் படர்வு ஒன்று வடகோடிப் பாறைகளில் வட்ட வட்டமாக வளர்கிறது. அதன் வளர்ச்சி ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓட்டத்தில் உருண்டு வந்த கல்லில் பழைய படர்வு தேய்ந்து போய்விடும். கல் ஓரிடத்தில் நிலைத்த பிறகுதான் புதியது முளைக்கும். ஆகவே படர்வின் விட்டத்தை அளந்தால் அந்தக் கல் எப்போது வந்து நின்றது என்று சொல்லலாம். அளவுகோலைச் சரிபார்க்க, தேதி பொறித்த கல்லறைக் கற்களில் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இப்படிப் பார்க்கும்போது, விசிறி மேட்டில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் ஒரு நாட்குறிப்பாகிவிடுகிறது. ஒரே விசிறியில் பல தலைமுறைக் கற்கள் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. அந்த இடத்துக்கு அது ஒருமுறை வந்து போன விபத்தல்ல, வழக்கம்.

நம் கதை

நம் நாட்டு மலைகளின் வரலாறு வேறு. மேற்குத் தொடர்ச்சி மலையில் பனியாறு ஓடியதில்லை. அங்கே வெயிலும் மழையும் பாறையை ஆழமாக மக்கச் செய்து மண்ணாக்குகின்றன. ஆனாலும் சரிவு, சரக்கு, தண்ணீரைச் சேர்க்கும் குழிவு என்ற மூன்றும் கூடினால் விளைவு ஒன்றுதான்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் தேயிலைத் தோட்ட லயன் வீடுகள்மேல் மலை இறங்கியது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தலைமுறைகளுக்கு முன் பிழைப்புக்காக மலையேறிய தமிழ்க் குடும்பங்கள். அந்த வீட்டை அந்த இடத்தில் கட்டு என்று அவர்கள் சொல்லவில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தார்கள். 2024 ஜூலை 30 விடியுமுன் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் ஏறத்தாழ 300 பேர். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி போகும் வழியில் தராலி. கீர் காட் என்ற ஓடையின் விசிறி மேட்டில் எழும்பியிருந்த கடைத்தெருவும் ஓட்டல்களும் பட்டப்பகலில் சேற்றுக்குள் போயின. அந்த ஊரில் கல்ப் கேதார் என்ற பழைய சிவன் கோயில் ஒன்று உண்டு. முன்னொரு காலத்தில் மண்ணில் புதைந்து, 1945-ல் தோண்டிக் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்வார்கள். 2025-ல் அது மறுபடி புதைந்தது. அந்த இடத்தின் வழக்கத்தை அந்தக் கோயில் எத்தனையோ ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நம் அங்கத்தினர்களில் சிலர் ஓய்வுக்காலத்தை நினைத்து மலைப்பக்கம் மனை பார்க்கிறார்கள். பலர் ஆண்டுதோறும் யாத்திரை போகிறோம். தங்கும் இடத்தையோ வாங்கும் மனையையோ பார்க்கும்போது 'வியூ' எப்படி என்று கேட்பதோடு இவற்றையும் பாருங்கள்.

மனை, சின்ன ஓடையின் வாயில் உள்ள விசிறி மேட்டில் இருக்கிறதா? ஓடையின் இரு கரையிலும் வரப்புக் கட்டியது போலப் பெரிய கற்கள் வரிசையாகக் கிடக்கின்றனவா? அது கல்சேற்று ஓட்டத்தின் கையெழுத்து. வெள்ளம் கல்லை அப்படி அடுக்காது. மேலே அண்ணாந்து பார்த்தால் பரண் போன்ற திண்டோ, பாறைப் பிளவின் வாயோ நேர் எதிரில் தெரிகிறதா? மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடை திடீரென்று வற்றினாலோ, கலங்கினாலோ, மேலிருந்து ரயில் வருவது போல இரைச்சல் கேட்டாலோ சாமானைத் தேடாதீர்கள். ஓடை வழியே கீழே ஓடாமல், பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஏறுங்கள்.

எந்த நாள் என்பதை மழைதான் தீர்மானிக்கும். அதை முன்கூட்டி அறிவது வானிலை இலாகாவுக்கே கடினம். எந்த இடம் என்பதை மலை எப்போதோ தீர்மானித்து, கல்லால் எழுதியும் வைத்திருக்கிறது. அதைப் படிக்க சுவீடன்காரர் எட்டு ஆண்டுகள் உழைத்தார். ஐஸ்லாந்துக்காரர்கள் 34 உயிர்களைக் கொடுத்த பிறகு சட்டம் போட்டார்கள். எங்கள் டிரைவர் கர்வாலில் பிறந்து வளர்ந்ததாலேயே படித்திருந்தார்.

அன்று அந்தப் பாறை முதுகில் நெருக்கியடித்து நின்றுகொண்டே புளியோதரை சாப்பிட்டோம். மழை வலுக்கவில்லை. ஓடையிலும் ஒன்றும் வரவில்லை. திரும்பும்போது அதே விசிறி மேட்டைக் கடந்தோம். வேறொரு வண்டியிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் அந்தக் கற்களின்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்கள் டிரைவர் வேகத்தைக் குறைத்து, ஜன்னல் வழியே தலையை நீட்டி, அவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் எழுந்திருக்கிறார்களா என்று என் மனைவி வளைவு மறைக்கும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.